லூர்து அக்காவின் பாட்டும் மரியநாதன் அண்ணனின் இரண்டு சிந்தசைசர்களும்

பாடகர் குழுவின் பிலோமினா தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "மரியநாதன் அண்ணே போயிட்டாருங்க அக்கா, ஆஸ்பத்திரியிலேயே" என்றாள். ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி தரட்டும் என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பிறகுதான் வந்தது. இனி யாரிடம் கேட்பேன் என்ற தவிப்புதான் முதலில் வந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தேயிலைத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியனாகத் தெரியும். பசறைப் பக்கத்து நம் கோயிலில் பாடிய எங்களுக்கு அவர் பெட்டிக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பண்டாரவளை ஹோட்டல் ஒன்றின் வாத்தியக் குழு கழித்துப்போட்ட அனலாக் சிந்தசைசரை, மின்சுற்றால் சத்தம் உண்டாக்கும் ஒரு பழைய கீபோர்டை, வாங்கிவந்து, அறுந்ததையெல்லாம் ஈயம் வைத்து ஒட்டி உயிர் கொடுத்தார். பெட்டியின் முகம் முழுக்கத் திருகுகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். போன வாரம் வாசித்த அந்தச் சத்தம் வேண்டும் என்று கேட்டால், "அது போன வாரத்தோட போச்சு" என்பார்.

அந்தப் பெட்டிக்குக் குளிர் ஆகாது. நமுனுகுலை மலையிலிருந்து பனி இறங்கும் காலைகளில், சூடேறும் வரை அதன் சுதி நிலைக்காது. பெட்டிக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். நான் வீட்டில் இருப்பவள். புத்தகத்தைப் பார்த்துச் சுரம் பழகியவள். ஆனால் எழுதி வைப்பதில் மட்டும் பிசக மாட்டேன். குழுவின் வருகையை எழுதும் நோட்டிலேயே, பெட்டியைப் போட்ட நேரம், சுதி நிலைத்த நேரம் என்று இரண்டு கட்டங்கள் கீறி வைத்திருந்தேன்.

ஒரு நத்தார் ஒத்திகை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு. அண்ணனின் மனைவி லூர்து அக்கா தனியாகப் பாட வேண்டிய பாட்டு. கொழுந்து பறித்துவிட்டு வந்து பாடுகிற குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு ஏனோ அது பெட்டியோடு உரசிக்கொண்டே போனது. பாட்டு முடிந்ததும் நான்தான் அவரிடம் போனேன். சுதி சேரவில்லை, இந்தத் தடவை கூட்டத்தோடு பாடுங்கள் என்றேன். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வந்தார், பெஞ்சில் இருந்தார். குழுவுக்குத் திரும்பவேயில்லை. சில வருடங்களில் இறந்தும்போனார்.

அவர் போனபின் அண்ணன் பதுளையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குள்ளேயே சிந்தசைசர் இருந்தது. திருகுகள் எல்லாம் திரையில் படமாக இருந்தன. எத்தனை சுரம் வேண்டுமானாலும் சேர்ந்து வரும், போன வாரச் சத்தம் அப்படியே இந்த வாரமும் வரும். முதல் நாள் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது எங்களால் அதோடு சேர்ந்து பாட முடியவில்லை. கம்ப்யூட்டருக்குச் சுதி தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, தட்டினால் மாறாத ஒரே சுரம் தரும் சுதிக்கவையை எடுத்துத் தட்டிக் காட்டினார். கம்ப்யூட்டர் அதோடு சரியாக நின்றது. அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் எதோடு பாடினோம்?

எது நல்லது என்று ஒருமுறை கேட்டேன். "பழசு நான் கேக்காததையும் குடுக்கும். இது கேட்டத மட்டும் குடுக்குது. எனக்கே குழப்பமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார்.

போன வருடம் என்னை அந்தப் பழைய நோட்டோடு வீட்டுக்கு வரச் சொன்னார். அந்த நத்தார் ஒத்திகையை யாரோ கேசட்டில் பதிந்திருந்தார்களாம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூடவே புதிய சிந்தசைசரில் அதே மெட்டை வாசித்திருந்தார்.

"மொத அடியக் கேளு. லூர்து நிக்கிற எடத்துலதான் கம்ப்யூட்டரும் நிக்குது. நம்ம பெட்டிதான் சுதியில கீழ கெடக்கு."

கேட்டேன். அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது அடியில் அக்காவின் குரல் இரண்டோடும் சேரவில்லை. டேப் ஓடும் வேகம் மாறிச் சுதியும் மாறியிருக்கும் என்றார். அப்படியானால் முதல் அடி சேர்ந்ததும் தற்செயலாக இருக்கலாமே என்றேன். ஆமாம் என்றார். குரலும் பெட்டியும் விலகியிருந்தது நிச்சயம். எது விலகியது என்றுதான் தெரியவில்லை. பெட்டி அன்று சூடேறியிருந்ததா என்று நோட்டைப் பார்க்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால், அன்று காலை கரண்ட் போய்த் தாமதமாக வந்த அவசரத்தில், அந்த இரண்டு கட்டங்களையும் நான் காலியாக விட்டிருக்கிறேன். நோட்டு முழுவதிலும் அந்த ஒரு நாள்தான் அப்படி.

அப்போதுதான் சொன்னேன். "நான்தான் அண்ணே அவங்கள ஒக்காரச் சொன்னது. சுதி சேரலன்னு."

"தெரியும். வந்து சொன்னா. எதோட சேரலன்னு என்கிட்ட கேட்டா. நான் பதில் சொல்லல. பெட்டிதான் சரின்னு நெனச்சுட்டேன்."

இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். பழைய பெட்டியையும் பக்கத்தில் வைத்து இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். அந்த நாள் வரவில்லை. முதலில் என் வீட்டு வேலை, பிறகு அவருடைய நோய்.

கேசட் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறை அக்கா சரியாகவும், அடுத்த முறை பிசகாகவும் கேட்கிறது. அவருக்கு அநியாயம் செய்தேனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, "பெட்டிதான் சரின்னு நெனச்சுட்டேன்" என்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான்.

அவரை அடக்கம் செய்த வாரம் பங்குச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டபின், இதை என்ன பாவம் என்று சொல்வது என்று தெரியவில்லை. பாட வந்த ஒருவரைப் பாட விடாமல் உட்கார வைத்தேன் என்றேன். சுதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.