வெள்ளம் என்று வந்தால் அலாரம்

கோட் எழுதும்போது நான் வாயைத் திறக்கவே மாட்டேன். காக்கநாட்டு ஆபீஸில் அது என் பெருமை. நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் பக்கத்து வீட்டு ஷமீமாதான் அதைக் கெடுத்தாள்.

"நானும் கத்துக்கணும் சேச்சி. எதுக்குச் செய்றீங்கன்னு சத்தமா சொல்லிட்டே செய்ங்க."

எங்கள் தெருவுக்கு இருவருமாக ஒரு புகார் ஆப் செய்துகொண்டிருந்தோம். பக்கத்துக் காயலில் நீர் ஏறும் நாட்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். "'வெள்ளம்'னு யார் எழுதினாலும் எல்லார் போன்லயும் அலாரம் அடிக்கணும். அதுக்குத்தான் இந்த வரி" என்று சொல்லிக்கொண்டே தட்டினேன்.

ஷமீமா சிரித்துவிட்டாள். "பைப்புல தண்ணி வரலன்னாலும் இங்க மலையாளத்துல 'வெள்ளம் இல்ல'ன்னுதானே எழுதுவாங்க? தினமும் அடிச்சா எல்லாரும் ஆஃப் பண்ணிடுவாங்க. அப்புறம் நிஜமாவே காயல் ஏறினா?"

என் கை நின்றது. டீக்கடையில் நானே "சேட்டா, கொஞ்சம் வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டுக் குடிப்பவள்தான். கீபோர்டைத் தொட்டதும் மதுரைக்காரியாகிவிடுகிறேன்.

வரியை அழித்தேன். இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு எழுதியதில் இப்படி எத்தனை வெள்ளம் கிடக்கிறதோ!

இப்போது ஆபீஸிலும் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஹெட்போன் வாங்கிவிட்டார். ஆனாலும் எங்காவது யாராவது சிரித்தால், என் கை ஒரு நொடி நின்று பார்க்கிறது.