பட்டினி போட்ட குழாய்கள்

நோலீன் ட்ரெவாஸ்கிஸ் முப்பத்தொரு வருஷம் பாசி வளர்த்தாள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பின்னறையில், கண்ணாடிக் குழாய்களில், ஒற்றைச் செல் பாசி. அதில் ஆண், பெண் கிடையாது; கூட்டல், கழித்தல் என்று இரண்டு வகை. தீனி இருக்கும்வரை ஒவ்வொன்றும் தானே பிளந்து பெருகும். ஒன்றுக்கு மற்றது வேண்டாம். தழைச்சத்து இல்லாத நீரில் பட்டினி போட்டால்தான் கலக்க மற்றதைத் தேடும்.

மற்ற பாசிகளுக்கு ஓர் இரவுப் பட்டினி போதும். ஊருக்கு வெளியே குட்டையில் எடுத்த வகை மட்டும் அசையவில்லை. அதற்கு மூன்று நாள் வேண்டும் என்று கண்டவள் நோலீன்.

அதை வைத்து அதே கூடத்து ஆய்வாளன் டெஸ் ஹால்ப்பின் கட்டுரை எழுதினான். நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால், பட்டினியிலும் சேதத்திலும் தவித்த செல்கள் பக்கத்துச் செல்லோடு கலந்து தம் கிழிசலைத் தைத்திருக்கலாம், கலவி அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று வாதம். பேராசிரியர் ஆனான். கட்டுரையின் நான்காம் பக்கத்தில் 'வழக்கமான முறையில் பட்டினி' என்று மட்டும் இருந்தது. நோலீன் பெயர் எங்குமில்லை.

காலைத் தேநீரின்போது அவனிடம் கேட்டாள். வாய் நிறைய லாமிங்டன் கேக்கோடு சொன்னான்: "குழாய் கழுவினவங்க பேரெல்லாம் போட்டா தாள் பத்தாது, நோலி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பின் பதினோரு வருஷமாக, அந்த மூன்று நாள் கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஓய்வு பெறுகிற வாரம் கான்பெர்ராவிலிருந்து நிதி தருகிறவர்கள் அந்தச் சோதனையை நேரில் பார்க்க வந்தார்கள். முந்தின திங்களன்றே டெஸ் சொல்லியிருந்தான், குழாய்களைக் கட்டுரைப்படி தயார் செய் என்று.

"அதுல இருக்கிறபடியேவா?"

"ஒரு எழுத்து மாறாம."

ஓர் இரவு பட்டினி கிடந்த குழாய்களை மேஜையில் வைத்தாள். வேறு இரண்டு அவள் அங்கிப் பையில் இருந்தன.

இரண்டையும் கலந்ததும் நுண்ணோக்கித் திரையில் பச்சைப் புள்ளிகள் நீந்தின. மோதின, விலகிப் போயின. பத்து நிமிஷம். இருபது.

டெஸ் வந்தவர்களிடம் திரும்பினான். "இவ ஏதோ சொதப்பிட்டா."

நோலீன் நான்காம் பக்கத்தை நீட்டினாள். வந்தவர்களில் மூத்தவள் ஐலா படித்துப் பார்த்து, இதில் எது குறைகிறது என்று கேட்டாள்.

"டெஸ்கிட்ட கேளுங்க. அவன் கட்டுரைதானே."

டெஸ் அவள் காதோரம் குனிந்தான். "காலை வாராதே, நோலி. என்னன்னு சொல்லு."

"குழாய் கழுவினவகிட்டயா கேக்குறே? அவங்க காதுல விழற மாதிரி கேளு."

அவன் முகம் சிவந்தது. கடைசியில் உரக்கவே சொன்னான்: "அந்த முறை இவளோடது. எனக்குத் தெரியாது."

அவள் அங்கிப் பையிலிருந்து, மூன்று நாள் பட்டினி கிடந்த குழாய்களை எடுத்தாள். இதிலொரு துளி, அதிலொரு துளி. புள்ளிகள் ஓடி வந்து கொத்துக் கொத்தாக ஒட்டின. ஐலா குறிப்பேட்டைத் திறந்து பெயர் கேட்டாள். நோலீன் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகச் சொன்னாள்.

நுண்ணோக்கியில் பார்க்க டெஸ் பக்கத்தில் வந்து நின்றான். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.