பூசணிப் புழுவும் பக்கத்து வீட்டுக்காரியும்

ஹந்தானை மலைக்கு ஏறும் சரிவில் எங்கள் வீடு. போன வருஷம் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து தங்கியிருந்தாள். அவளுக்காகத்தான் பின்பக்கம் பூசணி போட்டேன். கொழுந்து இலையைத் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டிக் கொடுத்தால் வேறு கறியே கேட்கமாட்டாள்.

கொடி வேலிவரை படர்ந்த நேரம் இலைகள் சுருள ஆரம்பித்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை நூல் பின்னி, ஒரு பச்சைப் புழு. முதுகு நெடுக இரண்டு வெள்ளைக் கோடு. சில பிஞ்சுகளையும் சுரண்டியிருந்தது. அந்தியில் வெள்ளைச் சிறகும் கறுத்த ஓரமுமாக அந்துப்பூச்சிகள் கொடியைச் சுற்றின. அவைதான் முட்டையிடுகின்றன என்று புரிந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாகல் பந்தல். அந்த வீட்டுக்காரி என்னைவிட இளையவள், காயைக் கடைக்குக் கொடுப்பவள். மகளுக்குப் புளிப்பு வேண்டுமென்றால் ஜம்புக்காய் பறித்துக்கொண்டு ஓடி வருவாள்.

"பூச்சி மருந்து மட்டும் வேணாம். புள்ளத்தாச்சி சாப்பிடுறா" என்றேன்.

"ஐயோ, அது தெரியாதாக்கா? கையாலயே பொறுக்குவோம்."

நான் டவுனில் புடைவைக் கடைக்கு வேலைக்குப் போகுமுன், காலையில் இருவருமாகச் சுருண்ட இலைகளைக் கிள்ளி, புழுக்களைச் சவர்க்கார நுரைத் தண்ணீரில் போடுவோம். அந்த நேரத்துக்காகவே நான் சீக்கிரம் எழும்பினேன்.

திடீரென்று நாலைந்து நாள் புழுவே இல்லை. நம் கைராசி என்று அவளிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அவளும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை இலை பறிக்கப் போனபோது, ஒரு பூவுக்குள் இரண்டு தேனீக்கள் செத்துக் கிடந்தன. அடுத்த பூவிலும் அப்படியே. இலைகளுக்கு அடியில் காய்ந்த வெள்ளைத் திட்டு. முகர்ந்து பார்த்தேன், மருந்து நெடியில் நெஞ்சு கமறியது.

வேலியருகே அவளைக் கூப்பிட்டேன். "நீயா அடிச்ச?"

பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்க பக்கத்துப் புழு எல்லாம் என் பாகலுக்கு வருதுக்கா. காயில ஓட்டை விழுந்தா கடைக்காரர் எடுக்கமாட்டார். நீங்க வேலைக்குப் போனப்புறம் கொஞ்சமாத்தான் அடிச்சேன். செவ்வாய்க்கிழம."

"வியாழக்கிழம நான் இலை பறிச்சப்ப பக்கத்துலதானே நின்ன? கூடையப் புடிச்சிக்கிட்டு நின்னியே!"

"கழுவிட்டுத்தானே சமைப்பீங்கன்னு நெனச்சேன்."

அந்த இலையைத்தான் மகள் அன்று சாப்பிட்டிருந்தாள். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். அந்தப் பக்கமிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பேரன் சுகமாகப் பிறந்தான். அவனைப் பார்க்க, கையால் தைத்த சின்னச் சட்டையோடு வந்தாள். உட்காரக் கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன்.

"தூக்கவாக்கா?" என்று கையை நீட்டினாள்.

"தூங்குறான்" என்றேன். அவன் கண்ணை விழித்துக்கொண்டு என் தோளில் கிடந்தான்.