கட்சி மாறிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் யாருக்கும் யோசிக்கத் தெரியாது, நான்தான் கற்றுத்தர வேண்டும் என்கிற நினைப்பு. மன்னார்குடியில், எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனியாக எழுதுகிற பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வகுப்பு எடுத்தேன். பதினோரு பேர். எல்லாருக்கும் என்னைவிட வயது அதிகம், பொறுமையும் அதிகம்.

முன்வரிசையில் ஒரு பண்ணைக் காரியஸ்தர். மிராசுதாரின் நிலபுலன் முழுக்க இவர் விரல்நுனியில். ஆனாலும் கோபம் வந்தால் மிராசுதார் 'படிக்காத முட்டாள்' என்பாராம். அந்த வசவில் பாதியையாவது குறைத்துவிடலாம் என்று வந்தவர். பின்வரிசையில், அதே பண்ணையில் இருபது வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். தன் மனுவைத் தானே எழுத ஆசைப்பட்டு வந்தவர். "அடுத்தவங்க எழுதித் தந்தா, அவங்களுக்குத் தோணுனதுதான் சார் நம்ம குறையாப் போயிடுது" என்பார்.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த நேரம் அது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு எளிதில் கிளப்ப முடியாது. இவரும் மனுப் போட்டிருந்தார். வியாழக்கிழமை தாலுகா ஆபீசில் விசாரணை. பண்ணை சார்பில் வரப்போகிறவர் காரியஸ்தர். அது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். டீக்கடை பெஞ்சில்கூட ஆளாளுக்கு அடுக்குமொழியில் பேசிய காலம். நிலம் உழுபவனுக்கா, உடையவனுக்கா என்று பேசவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். "அவங்கவங்க கட்சியை அவங்கவங்க பேசுறதுல என்ன யோசனை இருக்கு? மாத்திப் பேசுங்க" என்றேன். குத்தகைக்காரருக்காகக் காரியஸ்தர், மிராசுதாருக்காகக் குத்தகைக்காரர்.

காரியஸ்தர் தயங்கித்தான் எழுந்தார். பேசப் பேச ஆளே மாறிப்போனார். வெள்ளத்தில் வாய்க்கால் கரை உடைந்தபோது இந்த மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கியதைச் சொன்னார். "இருபது வருஷமா களத்துல நின்னு இவர்கிட்ட நெல்லை அளந்து வாங்குனவன் சொல்றேன்" என்று மேசையைத் தட்டினார்.

அடுத்து குத்தகைக்காரர். துண்டைக் காரியஸ்தர் மாதிரியே மடித்துத் தோளில் போட்டு, அவரைப் போலவே செருமினார். "எல்லாம் சரிய்யா. நீ சாகுபடி பண்ணுனதுக்கு ஒரு துண்டுக் காகிதம் காட்டு."

காரியஸ்தர் உட்கார்ந்துவிட்டார். பண்ணையில் யாருக்கும் ரசீது கொடுக்கிற வழக்கமில்லை என்பது அவருக்குத் தெரியாதா? மீதி ஒன்பது பேரில் எட்டுப் பேர் மிராசுதார் பக்கம் கை தூக்கினார்கள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்த குத்தகைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "சார், என்னை நானே தோக்கடிச்சுட்டேனே" என்றார்.

வியாழக்கிழமை மனசு கேட்காமல் நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். காரியஸ்தர் அதே செருமலோடு அதே கேள்வியைக் கேட்டார். குத்தகைக்காரர் நாலு நாளாக யோசித்திருக்கிறார்.

"காகிதம் இல்லீங்க. ஆனா களத்துல நெல்லை அளந்து வாங்குனவங்க இருக்காங்க. இவங்கதான். இவங்களையே கேளுங்க."

அதிகாரி கேட்டார். காரியஸ்தர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஆமாங்க. இருபது வருஷமா இவர்தான்" என்றார்.

பெயர் ஏறியது. சனிக்கிழமைக்குள் காரியஸ்தருக்குப் பண்ணையில் வேலை போயிற்று.

மறுநாள் அவர் வகுப்புக்கு வரக்கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பயம், அவ்வளவு வெட்கம். வந்துவிட்டார். குத்தகைக்காரர் பின்வரிசையிலிருந்து எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாலதானேங்க" என்று ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கிழமை வாயால சொல்லிட்டேன் சார். வியாழக்கிழமை இல்லேன்னு சொல்ல நாக்கு வரல" என்றார். பிறகு பையிலிருந்து புத்தம்புதிதாக ஒரு கைடை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இனிமே நான் பாஸாகியே தீரணும். யோசிக்கச் சொல்லிக்குடுத்தது போதும் சார். பரீட்சைக்குச் சொல்லிக்குடுங்க."