டீ ரெடி, இப்படிக்கு மித்ரா

ஆபீஸ் பேன்ட்ரியில் டீ போடுவது சுலபம். டீ போட்டாச்சு என்று நாலு பேர் காதில் விழச் சொல்வதுதான் கஷ்டம். எனக்கோ யார் முன்னாலும் வாய் வராது. அடையாறில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க ஒரு பாட் வந்தது. பாட் என்றால் ஆள் இல்லை. ஆபீஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் சாட்டில் தானாக மெசேஜ் அனுப்பும் புரோகிராம். பேர் மித்ரா. பேன்ட்ரி சுவரில் ஒரு டச் ஸ்கிரீன் மாட்டினார்கள். அதில் பட்டனைத் தட்டினால் மித்ரா பேரில் மெசேஜ் போகும். சிலதை நேரம் வந்தால் அதுவே அனுப்பிக்கொள்ளும். மெசேஜ் போன நிமிஷமே அதன் கீழே எல்லாரும் கட்டைவிரல் பொம்மை போடுவார்கள். பார்த்தாச்சு, சரி என்று அர்த்தமாம். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒன்று இருந்தால் நீங்களும் என் கட்சிதான்.

கேஸ் தீர்ந்த காலை

பதினொரு மணிக்கு "டீ ரெடி! வாங்க, சூடா குடிங்க" என்று மித்ரா தானாக அனுப்பும். ஒருநாள் பால் பொங்குவதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது. மித்ராவுக்கு என்ன தெரியும்? நேரத்துக்கு அனுப்பிவிட்டது. கப்பும் கையுமாக வரிசை நின்றுவிட்டது.

"டீ இல்லீங்க, கேஸ் தீர்ந்துடுச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்ற தம்பி போனைத் திறந்து மெசேஜை என் முகத்துக்கு நேரே காட்டினார். நான் பிளாஸ்க்கைத் திறந்து கவிழ்த்தே காட்டினேன். அவர் பிளாஸ்க்கைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு பொறுமையாகச் சொன்னார்: "நல்லா பாருங்க அக்கா, மித்ரா சொல்லுதே, எங்கியாவது இருக்கும்."

மயிலாப்பூர் சாருக்கு வாழ்த்து

கணக்கு பார்க்கும் மயிலாப்பூர் சாரின் அப்பா தவறிவிட்டார். லீவும் மித்ராவிடம்தான் கேட்க வேண்டும். கேட்டார். எல்லாரும் பார்க்கும் சாட்டிலேயே உடனே பதில் வந்தது, பலூன் பொம்மையோடு: "லீவு ஓகே! ஜாலியா என்ஜாய் பண்ணுங்க!" அதற்கும் கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

காரியமெல்லாம் முடிந்து சார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். சண்டை பிடிக்கப்போகிறார் என்று எல்லாரும் அவரவர் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். காபி கொடுக்கப் போனவள் நான் மட்டும்தான். இரண்டு வாய் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "இந்த ஆபீஸ்லேர்ந்து எனக்கு வந்த ஒரே மெசேஜ் அதாம்மா. அதுவாவது அனுப்பித்தே."

பட்டன் இல்லாத காரணம்

என் பாப்பா கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பால்வாடியில் படிக்கிறாள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு, கவர்மென்டில் தூரத்துப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கி அனுப்பிவிட்டார்கள். இனி நான்தான் போக வேண்டும். மூன்றரைக்குக் கிளம்பினால்தான் முடியும். எனக்கு வேலை முடிவது ஐந்துக்கு. அட்மின் மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, நிமிர்ந்து பார்க்காமல், "எதுவா இருந்தாலும் மித்ராவுல போட்டுடும்மா" என்றார்.

போட்டேன். காரணம் என்ன என்று கேட்டு மித்ரா நாலு பட்டன் காட்டியது: உடம்பு சரியில்லை, கல்யாணம், பயணம், வீடு மாற்றம். பால்வாடி இல்லை. பஸ்ஸில்தானே போகிறேன் என்று பயணத்தைத் தட்டினேன். "நம்ம சங்கீதா பயணம் கிளம்புறாங்க! வாழ்த்துவோம்!" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டது. வழியில் பார்த்தவர்களெல்லாம் ஹேப்பி ஜர்னி சொன்னார்கள். லீவு மாதிரி இதற்கு மித்ராவே ஓகே சொல்லாது; மேனேஜர் திறந்து பார்த்து ஓகே கொடுக்க வேண்டிய கோரிக்கை மட்டும் திறக்கப்படாமலே கிடந்தது. ஆபீஸில் துப்புரவு வேலை பார்க்கும் செல்வி அக்கா, ஊரூர் குப்பத்துக்காரர், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்: "இன்னா சங்கீதா, கோட்டூர்புரத்துக்கு பிளைட்டா? திரும்பி வரசொல்ல எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கினு வா."

பால்வாடிப் படி

அன்றைக்கும் ஐந்துக்குத்தான் கிளம்பினேன். மற்ற பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பாப்பா படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடித்த முகம். பூட்டும் சாவியுமாக ஆயா நின்றிருந்தார். நல்ல மனுஷிதான், அவருக்கும் வீடு இருக்கிறதே. "நாளைக்கும் லேட்டுன்னா இஸ்துகினு வராத, வூட்லயே வெச்சிக்க. நானும் எத்தினி நாளு காத்துக்கினு இருப்பேன், சொல்லு?"

வீட்டில் வைத்துக்கொண்டால் வேலை போய்விடும். மேனேஜர் இன்னும் ஓகே சொல்லவில்லை என்று மட்டும் முனகினேன். ஆயா பூட்டைத் திருகிக்கொண்டே சொன்னார்: "மேனேஜராண்ட கேக்க உனுக்கு வெக்கம், இங்க கொயந்த அழுவுது."

கட்டைவிரல்

மறுநாள் மேனேஜர் அறை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன். திரும்பி வந்து ஸ்கிரீனைப் பார்த்தபோதுதான் உறைத்தது. "பாத்ரூமில் தண்ணீர் இல்லை" என்று மித்ரா காலையில் அனுப்பியதற்கும் மேனேஜர் கட்டைவிரல் போட்டிருந்தார். செல்வி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஸ்கிரீனில் மெசேஜ் அனுப்பும் பக்கத்தில் இருந்த "மற்றவை" பட்டனைத் தட்டி, எழுத்துக்கூட்டி அடித்தேன்: "டீ ரெடி. இன்று முதல் சங்கீதா மூன்றரைக்குப் பால்வாடிக்குக் கிளம்புவார். அதற்குப் பதில் காலையில் சீக்கிரம் வருவார். சாயங்கால டீயைச் செல்வி பார்த்துக்கொள்வார். சரியா?"

ஸ்கிரீனிலிருந்து விரலை எடுப்பதற்குள் முதல் கட்டைவிரல் விழுந்தது. மேனேஜருடையது. பிறகு சரசரவென்று வரிசை. மூன்றரைக்குப் பையோடு லிப்ட் முன்னால் நின்றேன். மேனேஜர் எதிரே வந்துவிட்டார். "எங்கம்மா, அதுக்குள்ள?" அவர் கையில் இருந்த போனைச் சுட்டிக் காட்டினேன். முதல் தடவையாக அதைப் படித்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார். முகம் சிவந்தது. திரையைக் கீழே தள்ளினார், கம்பெனி முதலாளி எம்.டி.யின் கட்டைவிரல் வந்தது. முகம் பழையபடி ஆயிற்று. லிப்ட் பட்டனை அவரே அழுத்தினார்: "எம்.டி.யே போட்டுட்டாரா? நானும் முதல்லயே ஓகே சொன்னதுதானே, போய்ட்டு வாம்மா."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் ஆபீஸில் வாயில்லாத பிள்ளையும் பிழைக்கும், மித்ரா அனுப்புவதை யாரும் படிக்காத வரைக்கும்.