ஆடிட் நாளில் நான் கொட்டிய சோறு

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷம் கேன்டீன் இன்சார்ஜாக இருந்தேன். சாம்பாரில் உப்புக் கூடியது, கேஸ் தீர்ந்தது எல்லாம் மறந்துவிட்டது. சமையலறைச் சுத்தம் பார்க்க ஆடிட் வந்த ஒரு காலையை மட்டும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கு ஏழு மணிக்கே மேனேஜர் கிச்சனில் வந்து நின்றார்.

"அக்கா, ஆடிட்டர் கண்ணுல பழசு ஒண்ணும் படக்கூடாதுங்க. பட்டுதுன்னா நம்ம கதை முடிஞ்சுதுங்க."

"நான் பாத்துக்கறனுங்க" என்றேன்.

கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் சாப்பாடு வைக்கிற அலமாரியில் ஒரு சட்டி இருந்தது. திறந்தால், தண்ணீர் ஊற்றிய சோறு. யோசிக்கவே இல்லை. எச்சில் டிரம்மில் கவிழ்த்துவிட்டேன்.

அடுத்த நிமிடம் மினதி வந்தாள். செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒடிசாப் பெண். பத்து நாள் காய்ச்சலில் எதைத் தின்றாலும் வாந்தி. இன்னும் இப்படியே இருந்தால் ஊருக்கு ரயிலேறு என்று அவள் அண்ணன் சொல்லிவிட்டான். போனால் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று அழுதுகொண்டிருந்தாள். முந்தின நாள்தான் முதல் தடவையாக இந்த மாதிரிச் சோறு அவள் வயிற்றில் தங்கியது.

"அக்கா, என் பகாளா?"

காலிச் சட்டியைப் பார்த்தாள். "பரவால்ல அக்கா" என்று அதைக் கழுவி வைத்தாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

நெல் விளையும் சீமையில் எல்லாம் இந்தச் சோறு உண்டு. நமக்குப் பழைய சோறு, அவர்களுக்குப் பகாளா. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாலைத் தயிராக்குகிற மாதிரிதான் இதையும் மெல்லப் புளிக்க வைக்கின்றன. குக்கர் வைத்தெல்லாம் அவசரப்படுத்த முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் தூக்குப்போசியிலும் தினமும் அதுதான்! நாலு பேர் சிரிப்பார்களே என்று ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். என் சோற்றுக்கு நானே வெட்கப்பட்டதால்தான் அவள் சோறும் குப்பையாகத் தெரிந்தது. சே, என்ன பிழைப்பு இது என்று ஆகிவிட்டது.

போசியைத் திறந்து, சின்ன வெங்காயம் நாலு உரித்து, டைனிங் ஹாலிலேயே அவள் முன் வைத்தேன்.

"சாப்புடு கண்ணு. என்னுதுதான்."

"அக்கா, நீங்களும் பகாளாவா?" பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆடிட்டரோடு மேனேஜர் உள்ளே வந்தார். முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க அக்கா இது?"

"பழைய சோறுங்க. எங்க ஊட்டுல செஞ்சது. காய்ச்சல்ல எந்திரிச்ச புள்ளைக்குக் குடுத்தனுங்க. தப்புன்னா என் பேர்ல எழுதிக்குங்க."

ஆடிட்டர் சென்னைக்காரர். "எப்ப தண்ணி ஊத்தினீங்க? காய்ச்சின தண்ணியா?"

"நேத்து ராத்திரி எட்டு மணிக்குங்க. காய்ச்சி ஆறுன தண்ணிங்க."

"அப்ப மூடி போட்டு, பேரும் நேரமும் எழுதி ஒட்டி வைங்க. கேன்டீன் சாப்பாட்டோட கலக்காதீங்க. இதுக்குப் போய் ஏன் பயப்படறீங்க?" என்று நகர்ந்தார்.

மினதி நீராகாரம் வரை குடித்து முடித்தாள். வாந்தி வரவில்லை. ரயிலும் ஏறவில்லை.

கிச்சன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தச் சட்டியைக் கவிழ்க்கும் முன்பும் யாருடையது என்று கேளுங்கள். கேட்க அரை நிமிடம் போதும். அந்தச் சோறு ஆவதற்கு ஓர் இரவு வேண்டும்.