நாலு பாயிண்டும் தொடணும்

தேர்வாய் கண்டிகையில் ஒரு ஃபேக்டரியில் மெயிண்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகளை நேராக்குவது என் பொறுப்பு. இரண்டு புல்லிகளின் பக்கத்தில் நூலை இழுத்துப் பிடித்தால், ஒவ்வொன்றின் இரு விளிம்பிலுமாக நாலு இடத்தில் தொட வேண்டும். தொட்டால் அலைன்மெண்ட் சரி. அந்த நாலு பாயிண்ட் எனக்குச் சோறு போட்டது, கொஞ்சம் திமிரும் கொடுத்தது.

பேக்கிங்கில் ஏசுதாஸ் என்று ஒரு காண்ட்ராக்ட் ஆள். அவனை பர்மனெண்ட் ஆக்க மெடிக்கல் டெஸ்ட் ஒன்றுதான் பாக்கி. பஞ்சர் ஒட்டிப் பின்சக்கரத்தை மாட்டியதிலிருந்து அவன் பைக் கோணலாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே போனேன். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இடப்பக்கம் நூல் பிடித்து, இரண்டு டயரிலுமாக நாலு பாயிண்டும் தொடும்வரை செயின் அட்ஜஸ்டரைத் திருகினேன்.

மறுநாளே கேண்டீனில் வந்து நின்றான்.

"இன்னாண்ணா, முன்னைவிட ஜாஸ்தியா இழுக்குது. லாரிங்க நடுவுல பேஜாரா கீது."

என் நூல் பொய் சொல்லுமா? "வண்டி நேராத்தான்டா கீது. உன் இடுப்புதான் கோணல். ஒரு பக்கமா சாஞ்சுக்கினு ஓட்ற" என்றேன். கேண்டீனே சிரித்தது. எனக்கு அன்று டீ ரொம்ப ருசியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, என் பெருமையை நிலைநாட்ட மறுபடியும் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு நூலைக் காட்டினேன்.

"பாரும்மா, நாலும் தொடுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். "தொடுதுண்ணா. ஆனா பின் டயரு குண்டு, முன் டயரு ஒல்லி. வண்டி நேரா நின்னா நூலு ஒல்லி டயரைத் தொடக்கூடாதே?"

புல்லி இரண்டும் ஒரே அகலம். டயர் அப்படியா? பின்டயரின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, முன்டயருக்கு இருபுறமும் இடைவெளி சமமாக வரும்படி திருத்தினேன். செயின் தொய்வையும் பார்த்து நட்டை இறுக்கினேன்.

ஏசுதாஸ் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தான். வண்டி நேராக ஓடியது; அவன் கேட்டதோ வேறு.

"அப்ப என் இடுப்பு நல்லாதான் கீதாண்ணா?"

ஒரு வாரமாக இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நடந்து பார்த்துக்கொண்டு, மெடிக்கலில் ஃபெயில்தான் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறான். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. திங்கட்கிழமை அதே கேண்டீனில், சிரித்த அத்தனை பேர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். இந்த முறை இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயரே 'நாலு பாயிண்டு'.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆளைக் குறை சொல்லும் முன் உங்கள் அளவைச் சரிபாருங்கள்.

ஏசுதாஸ் மெடிக்கலில் பாஸ். டாக்டர் அவன் கண்ணையும் பி.பி.யையும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாராம். இடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.